இங்கிலீஷில் காதல், தமிழில் சண்டை

எங்கள் பாடசாலையில் ஆங்கில மொழிமூல வகுப்புத் தொடங்கப் போகிறது என்று அதிபர் அறிவித்தபோது கை தட்டிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. தொடங்கட்டும், நல்லதுதானே என்று நினைத்தேன். அடுத்து, கணிதத்தை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. அதிபர் என்னைப் பார்த்தார். நான் திரும்பி எனக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

ஒரு முழத் தடிப்பில், வெள்ளைக்காரர் கட்டிவிட்டுப் போன சுவர் அது. என் அம்மா பிறப்பதற்கு முன்னமே அவர்கள் கப்பலேறிவிட்டார்கள். ஆனால் விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து ஓடவிடுவதும், பரிசளிப்பு விழாவில் ஒருவருக்கும் விளங்காத இங்கிலீஷில் அறிக்கை வாசிப்பதும், மாணவத் தலைவர்கள் கழுத்துப்பட்டி கட்டுவதும் அப்படியே நின்றுவிட்டன. நானும் அங்கேதான் படித்தேன். மாணவத் தலைவியாக இருந்த வருடம், வைகாசி வெயிலில் கழுத்துப்பட்டியோடு வாசலில் நின்று, பிந்தி வரும் பிள்ளைகளைப் பிடித்தேன். கழுத்தெல்லாம் வியர்க்குரு. ஆனாலும் அதைக் கழற்ற மனம் வராது. உப்புவெளிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுகூட அதைக் கட்டிக்கொண்டுதான் நடப்பேன். நாலு பேர் பார்க்க வேண்டாமா?

அவ்வளவு ஆசை இருந்தும் இங்கிலீஷ் மட்டும் வாய்க்குள் வரவில்லை. வாசிப்பேன், எழுதுவேன். இடைவெளி நிரப்பச் சொன்னால் ஒன்றும் பிழைக்காது. கதைக்கச் சொன்னால் முதல் சொல்லோடு நின்றுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டுக் கம்பஸுக்குப் போனேன். அங்கே விரிவுரை முழுவதும் இங்கிலீஷ். முதல் வாரம் விரிவுரையாளர் ‘ஹைபோடனியூஸ்’ என்று அடிக்கடி ஏதோ சொன்னார். அது ஏதோ நோய் வருத்தத்தின் பெயர் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் அது செம்பக்கம், செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம். முக்கோணியில் நான் ஆறாம் வகுப்பிலிருந்து பழகிய செம்பக்கம் வேறு உடுப்பில் வந்து நின்றதும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. விடுதியில் என்னோடு இருந்த சிங்களப் பிள்ளைகள் இங்கிலீஷைக் ‘கடுவ’ என்பார்கள். வாள் என்று அர்த்தம். அவர்களையும் அது வெட்டிக்கொண்டுதான் இருந்தது.

அதனால் அதிபரிடம் போய், எனக்கு ஏலாது சேர் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, ஏலாத ஆட்களுக்காகத்தான் ஒரு பயிற்சி நடத்துகிறார்கள், சனிக்கிழமை போங்கோ என்று சொல்லிவிட்டார்.

பயிற்சி நடந்தது கோட்டைப் பக்கம், மான்கள் தெருவில் மாடு மாதிரித் திரியும் இடத்தில் ஒரு பழைய கட்டடத்தில். மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். புல்மோட்டையிலிருந்து வந்தவர்கள் விடியவே புறப்பட்டு வந்து, கதிரையில் இருந்தபடியே தூங்கி வழிந்தார்கள். எனக்குப் பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு விஞ்ஞான ஆசிரியை அமர்ந்தாள். முதல் தேநீர் இடைவேளைக்குள்ளேயே சிநேகிதியாகிவிட்டாள்.

எங்களுக்குப் படிப்பிக்க வந்தவரைப் பார்த்ததும் எல்லோரும் ஆளையாள் பார்த்தோம். எங்கள் எல்லோரையும்விட இளையவர். கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் படித்தவர், ஊர் இதுதான். இங்கிலீஷ் அவர் வாயில் தண்ணீர் மாதிரி ஓடியது. நாங்கள் அவரை மிஸ் என்றோம். தலை நரைத்தவர்கள்கூட மிஸ் என்று எழுந்து நின்றார்கள்.

மிஸ் ஒரு மட்டையைத் தூக்கிக் காட்டினார். நூல் கட்டிய வெள்ளை மட்டை. ‘நான் தமிழ் கதைத்தேன்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. வகுப்பில் தமிழ் கதைக்கிறவர் அதைக் கழுத்தில் மாட்ட வேண்டும். அடுத்ததாகத் தமிழ் கதைக்கிறவரிடம் அது போகும். வகுப்பு முடியும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் முன்னால் வந்து இங்கிலீஷில் பேச வேண்டும். தன்னுடைய பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு முறை இருந்தது என்றும், அதனால்தான் தனக்கு இங்கிலீஷ் வந்தது என்றும் சொன்னார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானிலிருந்து வந்த விஞ்ஞான ஆசிரியர். மெலிந்த உயரமான ஆள். கோபமில்லாமல், பேருந்தில் இடம் கேட்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னார்.

“மிஸ், என்ர பாஷையக் கதைச்சதுக்குக் கழுத்தில மட்டை மாட்டிறது எனக்குச் சரியாப் படேல்ல.”

சொன்னது தமிழில். மிஸ் நடந்து போய் மட்டையை நீட்டினார். அவரும் வாங்கி மாட்டிக்கொண்டார். அன்றைக்கு வேறு யாரும் தமிழில் வாய் திறக்கவில்லை. இங்கிலீஷிலும் திறக்கவில்லை. பின்னேரம் அவர் முன்னால் வந்து, மென்சவ்வுக்குள்ளால் நீர் ஊடுருவும் பிரசாரணத்தைப் பற்றிப் பேசினார். அதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: “இது உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்குக்குத் தாகம். தண்ணீர் உள்ளே போகிறது. இப்போது உருளைக்கிழங்குக்குச் சந்தோசம். நன்றி.”

சிரித்துச் சிரித்துப் புல்மோட்டைக்காரர் எல்லோரும் முழித்துவிட்டார்கள். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். பிழை இங்கிலீஷ் கதைத்த பிறகு ஒரு ஆள் இவ்வளவு சந்தோசமாக நிற்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் ஒரு விசயத்தைக் கவனித்தோம். யார் வாய் தவறித் தமிழ் கதைத்தாலும், கடைசியில் மட்டை அவரிடமே போய்ச் சேர்ந்தது. வகுப்பு முடிகிற நேரம் பார்த்து அவர் தமிழில் ஏதாவது சொல்லிவிடுவார். என்ன வெக்கை, பஸ் வந்திட்டுதோ, இப்படி ஏதாவது. கிண்ணியாச் சிநேகிதியும் அவரும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். அவள் என் காதுக்குள் சொன்னாள்.

“அந்த மனிசன் பஸ் முழுக்கத் தனிய இங்கிலீஷில கதைச்சிட்டு வாறாரு புள்ள. கண்டக்டர் பயந்துபோய்க் கிட்டக்கூட வாறதில்ல.”

பிறகு மான் வந்த நாள். ஜன்னல் பக்கத்து மேசையில் என் பாடக்குறிப்பை வைத்திருந்தேன். ஒருங்கிசைவான முக்கோணிகள், கிழமை முழுவதும் இருந்து இங்கிலீஷில் எழுதியது. கரும்பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஜன்னலுக்குள்ளால் ஒரு கொம்பு மான் தலையை நீட்டி அதை மென்றுகொண்டிருந்தது.

“ஐயோ, என்ர பேப்பர்! மான் திண்டுட்டுது!”

மட்டை என்னை நோக்கி வரத் தொடங்கியது. முன்னால் போய்ப் பேச வேண்டுமே என்று கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். அந்த நேரம் பின்வரிசையிலிருந்து, மானுக்கே சொல்வது மாதிரி ஒரு தமிழ்க் குரல் கேட்டது. முக்கோணி செமிக்காது தம்பி, துப்பு.

மட்டை திசை திரும்பி அவரிடம் போனது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கரும்பலகையைப் பார்த்தார். அந்த நிமிடம் தொடங்கியதுதான் என் தலைச்சுற்று. இன்றுவரை முழுதாக நிற்கவில்லை.

மிஸ் மானைத் துரத்தப் போனார். இங்கிலீஷில் அதட்டினார். மானுக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை. கையை ஓங்கினார். மான் கொம்பைத் திருப்பியது. மிஸ் இரண்டடி பின்னால் பாய்ந்து, “ஐயோ அம்மா!” என்றார்.

எல்லோருடைய கண்ணும் மட்டையின் மேல். கட்டைபறிச்சான்காரர் அதைக் கழற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். மிஸ் முகம் சிவந்து, பிறகு தாங்கமுடியாமல் சிரித்து, வாங்கி மாட்டிக்கொண்டார். அன்று பின்னேரம் பேசியவர் அவர்தான். முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கினார். அவருடைய பள்ளிக்கூடத்தில் தமிழ் கதைத்தால் தண்டனை. வீட்டிலும் இங்கிலீஷ் கதை என்றே சொல்வார்களாம். அதனால் தமிழ் எழுத்தே பிடிபடாமல் போய்விட்டது. படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிய புதிதில், மதிலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல் ஒன்றில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டாராம். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமல், தெருவில் போன ஒருவரை மறித்துக் கேட்டாராம். சொந்தப் பெரியப்பாவின் பெயரை யாரோ ஒருவர் வாசித்துக் காட்டினாராம்.

பிறகு மட்டையைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே வீசினார். மான் அங்கேயேதான் நின்றது. மட்டையையும் தின்றது.

அந்தக் கிழமையிலிருந்து வகுப்பு வேறு வகுப்பாகிவிட்டது. எங்களுக்குத் தெரியாததைத் தமிழில் கேட்டோம், அவருக்குத் தெரியாத தமிழ்ச் சொல்லை அவர் எங்களிடம் கேட்டார். செம்பக்கம் என்ற சொல்லை வாய்க்குள் நாலைந்து தரம் உருட்டிப் பார்த்து, எவ்வளவு வடிவான சொல் என்றார். எங்கள் தொண்டைகளும் மெல்ல மெல்லத் திறந்தன.

வகுப்பு முடிந்து பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில், டச்பே கடற்கரையோரம், நானும் கட்டைபறிச்சான்காரரும் சேர்ந்து நடக்கத் தொடங்கினோம். கிண்ணியாச் சிநேகிதி எங்களோடு வருவாள். சில நாளில் ஒரு செருப்புக் கடை, ஒரு மருந்துக் கடை என்று ஏதாவது காரணம் சொல்லிப் பின்தங்கிவிடுவாள். பழகுவதற்காக இங்கிலீஷ் மட்டும்தான் கதைப்பது என்று பேசிக்கொண்டோம். அப்படிக் கதைக்கும்போதுதான் ஒன்று விளங்கியது. தமிழில் அவரை நான் சேர் என்று சொல்ல வேண்டும், அவர் என்னை டீச்சர் என்று சொல்ல வேண்டும். நீங்கள் என்றால் தூரம், நீர் என்றால் கிட்ட, நீ என்றால் ஊர் கதைக்கும். இங்கிலீஷில் இருப்பது ஒரே ஒரு ‘யூ’. அதற்குள் எவ்வளவு தூரமும் இருக்கலாம், எவ்வளவு கிட்டவும் இருக்கலாம். வெட்கப்படத் தேவையான சொற்கள் ஒன்றையும் நாங்கள் இங்கிலீஷில் படிக்கவில்லை. அதனால் வெட்கமும் வரவில்லை. தமிழில் வாயே திறக்காத நான், இங்கிலீஷில் ஒரு சின்னப் பிள்ளை மாதிரிப் பிதற்றினேன். எனக்கு மழை விருப்பம், எனக்கு நாய் பயம், எனக்கு உங்கள் சிரிப்பு விருப்பம்.

அவருடைய முறை ஒரு சனிக்கிழமை வந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவர், துறைமுகத்துக்குள் கப்பல் ஒன்று போய் மறைந்ததும் திடீரென்று சொன்னார்.

“ஐ ஆம் லைக் யூ.”

நான் உங்களைப் போல இருக்கிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆசிரியைப் புத்தி எங்கே போகும்? பிழை கண்டதும் திருத்தினேன்.

“ஆம் வராது. ஐ லைக் யூ.”

“தேங்க் யூ,” என்றார் அவர்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் கால் நிலத்தில் இல்லை. எந்த பஸ்ஸில் ஏறினேன் என்றே தெரியாது. சீனன்குடா போகிற பஸ்ஸில் ஏறி, விமானப்படைத் தளத்து வேலி தெரிந்த பிறகுதான் பிழையான பஸ் என்று தெரிந்தது. வேண்டுமென்றே பிழை விட்டீர்களா என்று பின்னர் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். ஓம் என்கிறார். நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகு கிழமை நாட்களில் தொலைபேசி. எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரைக்கு ஒரு ஒழுங்கை தள்ளி. அப்பா நான் சின்னனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையை அம்மா வெளிநாட்டு ஆட்களுக்கு வாடகைக்குக் கொடுப்பார். பின்னேரங்களில் நான் முற்றத்து வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் கதைப்பேன். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்தால், பிள்ளை இங்கிலீஷ் பாடம் செய்யிறா, சத்தம் போடாதேங்கோ என்று குசினிப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போவார். சத்தமில்லாமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். தொண்டை காய்ந்துபோகும், இன்னும் கொஞ்சம் படி என்பார். நானும் இன்னும் கொஞ்சம் படித்தேன்.

அந்த நாட்களில் பின்னறையில் ஓர் ஒல்லாந்துக்காரப் பெண் தங்கியிருந்தார். அவருடைய நாட்டு ஆட்கள் ஒரு காலம் பிடித்து வைத்திருந்த கோட்டையைப் பார்க்க வந்தவர். மானைப் பார்த்ததோடு கோட்டையை மறந்துவிட்டார். ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு நான் பரிமாறும்போது, உன்னுடைய பாய்பிரண்ட் நல்ல பகிடிக்காரன், நேற்று நீ சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னார். வேம்புக்குப் பக்கத்தில்தான் அவருடைய ஜன்னல். அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அம்மா சொதிச் சட்டியோடு நின்றார்.

“என்னவாம் பிள்ளை?”

“ரொட்டி நல்லா இருக்காம்.”

“நான் இண்டைக்கு இடியப்பமெல்லோ அவிச்சனான்.”

அம்மா சட்டியை மெல்ல மேசையில் வைத்தார். “உப்புவெளியில இருந்துகொண்டு எனக்குப் பாய்பிரண்ட் எண்ட சொல் விளங்காதோ?”

ஒல்லாந்துப் பெண் இடியப்பத்தை மிகக் கவனமாகச் சாப்பிட்டார். அம்மா குசினிக்குள் கூப்பிட்டு, எந்த ஊர், என்ன வேலை, குடிக்கிற ஆளோ என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப நான் இவ்வளவு நாளும் தேத்தண்ணி ஊத்தினது இதுக்கோ என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

கட்டைபறிச்சான்காரர் தன் தகப்பனாரோடும் தமக்கையோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரைகளில் எல்லோரும் இருந்தார்கள். நானும் அவரும் தமிழில் ஒரு சொல்லும் கதைத்துப் பழகாதவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி டீச்சர் என்றார். நான் பரவாயில்லை சேர் என்றேன். தமக்கை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவை உண்மையிலயே பழகினவையோ என்று அம்மாவிடம் கேட்டார். இங்கிலீஷில பழகினவை என்றார் அம்மா. அப்படியென்றால் கொஞ்சம் கதைச்சுக் காட்டுங்கோவன் என்று தகப்பனாருக்கு ஆசை வந்துவிட்டது. முழுச் சபையும் பார்த்துக்கொண்டிருக்க மாப்பிள்ளை என்னைப் பார்த்து எப்படிச் சுகம் என்று இங்கிலீஷில் கேட்டார். நல்ல சுகம், நன்றி என்று நானும் இங்கிலீஷில் சொன்னேன். நாலாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கம். பெரியவர்களுக்கு அது போதுமாக இருந்தது. கலியாணம் நிச்சயமானது.

பயிற்சியின் முடிவில் மிஸ் அவரைப் பற்றி நல்லபடி எழுதியிருந்தார். பட்டினத்துப் பெரிய பாடசாலை ஒன்றில் ஆங்கில மொழிமூல விஞ்ஞானத்துக்கு அவரைக் கேட்டார்கள். என் பாடசாலைக்குக் கிட்டத்தான். சேர்ந்து போகலாம், சேர்ந்து வரலாம் என்று நான் மனதுக்குள் குடித்தனமே நடத்திவிட்டேன். டச்பேயில் நடந்துகொண்டிருக்கும்போது, தான் அதற்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக இங்கிலீஷில் சொன்னார். நான் நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்டேன். அவருக்கு இங்கிலீஷில் அதைச் சொல்ல வரவில்லை. தடுமாறினார். பிறகு தமிழுக்கு மாறினார். நாங்கள் தனியாகக் கதைக்கையில் முதல் தடவையாக.

“எங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு விஞ்ஞானத்தைத் தமிழில விளங்கப்படுத்தவே ஆளில்ல. அதுகளை விட்டிட்டு வந்து இஞ்ச நான் ஆருக்குப் படிப்பிக்கிறது?”

“அப்ப அந்தப் பிள்ளையள் நாளைக்குக் கம்பஸ் போய், நான் பட்ட பாட்டைப் படட்டும் எண்டோ சொல்லுறீங்கள்?”

தொடங்கியது. வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன ஏணியில் எங்கட பிள்ளைகளும் ஏறத்தான் வேண்டும் என்றேன். அந்த ஏணி எங்கட ஊர் வரைக்கும் வரேல்லையே என்றார். கம்பஸில் விரிவுரை விளங்காமல் விடுதியில் அழுத நாட்களை எல்லாம் சொன்னேன். அவர் படித்த காலத்தில் ஒரே வகுப்பறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு நின்ற ஆசிரியரைப் பற்றிச் சொன்னார். எனக்குத் தமிழ் பெருகி வந்தது. இவ்வளவு நாளும் சின்னச் சின்ன இங்கிலீஷ் வசனங்களுக்குள் அடக்கி வைத்திருந்த எல்லாம் வெளியே வந்தன. விடாக்கண்டன் என்றேன், தலைக்கனம் என்றேன், என்னைக் கேட்காமல் முடிவெடுக்க நீங்கள் ஆர் என்றேன். கடலை விற்றுக்கொண்டு வந்தவர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு நின்றார். எனக்கு மூச்சு வாங்கும்வரை கட்டைபறிச்சான்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“நீர் இவ்வளவு வடிவாத் தமிழ் கதைப்பீர் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே.”

நீர் என்றார். முதல் தடவையாக. நான் கோபமாக இருக்க வேண்டிய நேரம், ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. அவரும் சிரித்தார். கடலைக்காரர் எதற்கென்றே தெரியாமல் சிரித்துவிட்டு, கேட்காமலே இரண்டு கடதாசிச் சரை கடலையை நீட்டினார். மதிலில் அமர்ந்து கொறித்துக்கொண்டு, இந்தத் தடவை சண்டையில்லாமல், மீண்டும் கதைத்தோம். நான் சொன்னது பிழையென்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது பிழையென்று என்னாலும் சொல்ல முடியவில்லை. அவர் தன் ஊரிலேயே தமிழில் படிப்பிப்பது, நான் பட்டினத்தில் இங்கிலீஷில் படிப்பிப்பது, சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து அவருடைய ஊரில் இங்கிலீஷ் வகுப்பு வைப்பது என்று முடிவாகியது.

கலியாணத்துக்கு மிஸ் சேலை கட்டிக்கொண்டு வந்தார். வாழ்த்து மடலில் தமிழில் தானே எழுதியிருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, சில வரியைவிட்டு மேலே ஏறி நின்றன. கிண்ணியாச் சிநேகிதி தன் பிள்ளைகளோடு வந்து, நான்தான் இந்தக் கலியாணத்தின் தரகர், எனக்கு ஒரு சாறி தர வேண்டும் என்று அம்மாவோடு மல்லுக்கட்டினாள்.

என் ஆங்கில மொழிமூல வகுப்பும் தொடங்கியது. முதல் நாள் கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணி வரைந்து, செம்பக்கத்தின் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். விளங்காவிட்டால் எந்தப் பாஷையிலும் கேட்கலாம் என்றேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கி, டீச்சர், எங்களுக்குப் பயமா இருக்கு என்றாள். எனக்கும்தான் என்றேன். முழு வகுப்பும் சிரித்தது. அன்றைய பாடம் ஓடிவிட்டது. இப்போதும் நான் பிழை விடுகிறேன். பிள்ளைகள் திருத்துகிறார்கள். பிந்தி வருகிற பிள்ளைகளைப் பிடிக்க மாணவத் தலைவர்கள் இன்னும் கழுத்துப்பட்டியோடு வாசலில் நின்று வேர்க்கிறார்கள். அதைப் பற்றி அதிபரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் தன்னுடைய கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, பார்ப்போம் டீச்சர் என்றார்.

கட்டைபறிச்சான் வகுப்பு நாங்கள் நினைத்த மாதிரி நடக்கவில்லை. பிள்ளைகளுக்கென்று தொடங்கினோம். பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார் வெளியே நின்று கேட்டார்கள், பிறகு வாசலில் வந்து இருந்தார்கள், பிறகு முன்வரிசைக்கே வந்துவிட்டார்கள். பிள்ளைகளைவிட அவர்கள்தான் கூடக் கதைக்கிறார்கள். ஊரில் எங்கே இரண்டு பெண்கள் சந்தித்தாலும் குட் மோர்னிங். கிணற்றடியில் குட் மோர்னிங், பொழுது சாயும்போதும் குட் மோர்னிங்.

போன சனிக்கிழமை, வீட்டில் ஒருவர் இப்போது என்ன செய்கிறார் என்று ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்றேன். ஒரு தாய் எழுந்தார். வகுப்புக்கு வந்த நாளிலிருந்து வாயே திறக்காதவர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே கூரையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்லீப்பிங். எவ்ரி டே ஸ்லீப்பிங்.”

ஒரு பிழையும் இல்லாமல் விளங்கியது. வகுப்பே வெடித்தது. என் கணவர் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வந்து ஜன்னலுக்கு வெளியே சைக்கிளோடு நின்ற அவருடைய புருசன் எட்டிப் பார்த்து, என்னவாம், என்ன சொன்னவள் என்று ஆளாளாய்க் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். இன்னொரு வசனம் இருக்கு டீச்சர், சொல்லட்டோ என்று கேட்டார்.